மாணாக்கனைச் சுட்டும் ஓர் இலத்தீன் சொல்

கல்லூரி மேடைகளிலே ஆசிரியர் பெருமை பேசப்படும் நாள்களிற் சொற்களைப் பிளந்து பொருள் காட்டுதல் ஒரு வழக்காகிவிட்டது. ஒக்டோபர் 6ஆம் நாளாகிய ஆசிரியர் தினத்திலே, ‘கு’ என்பது இருள் என்றும் ‘ரு’ என்பது அதனை ஓட்டுவது என்றும் ஆகவே குரு இருளோட்டுபவர் என்றும் ஒருவர் கூறுவார். அடுத்து வருபவர், ‘ஆசு’ குற்றம், ‘இரியன்’ அதனைப் போக்குபவன், ஆதலின் ஆசிரியன் என்பார். அவை கைதட்டும். ஆசிரியர் ஒளியாயின், எதிரே வரிசையாக அமர்ந்திருக்கும் பிள்ளைகள் யாவர் என்னும் வினா அவ்வேளையில் எழுவதில்லை.

அவ்வினாவுக்கு வேறோரிடத்தில் விடை கூறப்பட்டிருக்கிறது. பிரேசில் நாட்டார் பேசும் போர்த்துக்கேய மொழியில் மாணாக்கனுக்கு ‘அலுனோ’ என்று பெயர். அது ‘அலும்னுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அந்நாட்டுக் கல்வி மேடைகளில் உலவும் ஒரு கதையின்படி, இச்சொல்லில் ‘அ’ என்பது இன்மை. எஞ்சியது ‘லூமென்’, அதாவது ஒளி. எனவே அலுனோ என்பான் ஒளியற்றவன். இதனை மெய்யென நம்பிய ஆசிரியர் சிலர், பிள்ளைகளை இழிவுபடுத்தும் சொல்லென்று அதனை விலக்கி வேறு சொல் தேடினர். அவர்தம் நோக்கம் பாராட்டத்தக்கதே. அவர் கண்ட குற்றமோ அச்சொல்லிடத்து இல்லை. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் மேசையையும் அலுமாரியையும் அலவாங்கையும் தமிழுக்கு விட்டுச் சென்றனர். அலுனோவை விட்டுச் செல்லவில்லை. விட்டுச் சென்றிருப்பின் இக்கதையும் ஈழத்து மேடைகளில் ஏறியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

கதை பொய்யென்பதற்குச் சான்று இலத்தீன் இலக்கணத்திலேயே உண்டு. இன்மைப் பொருள் தரும் ‘அ’ என்னும் முன்னொட்டுக் கிரேக்கத்துக்கும் வடமொழிக்கும் உரியது; இலத்தீனில் அப்பொருள் தருவது ‘இன்’. லூமென் என்பதன் முதலுயிர் நெடில். அலும்னுஸ் என்பதில் உள்ள உகரம் குறில். வேற்றுமை ஏற்குங்கால் லூமென் என்பது ‘லூமின்’ என்று நிற்கும். அவ்விகரம் அலும்னுஸில் எங்கே மறைந்தது என்பதற்குக் கதை கூறுவார் விடை கூறார். ‘பல்’லும் ‘பாலு’ம் ஒரே சொல் என்பானைத் தமிழ்ப் பிள்ளை நகுவதுபோல, உரோமைப் பிள்ளை இப்பிரிப்பைக் கேட்டு நகைத்திருப்பான்.

அச்சொல்லின் உண்மைப் பிறப்பு வேறு. ‘அலேரெ’ என்பது உணவூட்டுதல், வளர்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. அதனோடு செயப்பாட்டுப் பொருள் தரும் பழைய விகுதி ஒன்று சேர்ந்து பிறந்ததே அலும்னுஸ். கிரேக்கத்தில் ‘மெனொஸ்’ என வழங்குவது அவ்விகுதியின் உடன்பிறப்பு. எனவே சொல்லின் நேர்ப்பொருள் ‘ஊட்டி வளர்க்கப்பட்டவன்’ என்பதாம். உணவைக் குறிக்கும் ‘அலிமெந்தும்’ இதன் இனம். ‘அல்துஸ்’, உயர்ந்தது என்னும் பொருளில் வழங்கினும், வளர்ந்தது என்பதே அதன் முதற்பொருள். வளர்ந்துகொண்டிருக்கும் இளையோனும் வளர்ந்து முடிந்த பெரியோனும் இலத்தீனில் இவ்வேரடியாகவே பெயர் பெற்றனர். கல்லூரியைத் தாயாக்கிக் கூறும் ‘அல்மா மாத்தெர்’ என்னும் தொடரில் உள்ள ‘அல்மா’ ஊட்டுபவள். ஊட்டுபவளும் ஊட்டப்பட்டவனும் ஒரே வேரிற் பிறந்து எதிரெதிரே நிற்கின்றனர். ஒளியும் இருளும் இங்கு எங்கும் இல்லை.

உரோமர் காலத்திற் பள்ளிப் பிள்ளைக்குரிய பொதுச்சொல் இஃதன்று. அவனை ‘டிஸ்கிபுலுஸ்’ என்றனர். கற்றல் என்னும் வினையோடு அச்சொல் சேர்த்து எண்ணப்படுவது. ஆங்கிலம் வாயிலாக ‘ஸ்ருடன்ற்’ என இங்கு வழங்கும் சொல் ஊக்கங்கொள்ளுதல் என்னும் வினையின் வழிவந்தது. அலும்னுஸ் எனப்பட்டவன் பெரும்பாலும் வளர்ப்புப் பிள்ளை. மந்தையின் இளங்குட்டிகளையும் ஓரேஸ் என்னும் கவிஞர் இச்சொல்லாற் குறித்தார். தெருவிலே கைவிடப்பட்டுப் பிறரொருவரால் எடுத்து வளர்க்கப்பட்ட குழந்தையும் அலும்னுஸ்தான். ஆசிரியரின் பிள்ளை என்னும் பொருள் இதிலிருந்து விரிந்தது.

இவ்வளர்ப்புப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு வழக்கு வரலாற்றிற் பதிவாகியுள்ளது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி, உரிமைக் குடியிற் பிறந்து கைவிடப்பட்டுப் பின்னர்ப் பிறரால் எடுத்து வளர்க்கப்பட்டோரின் நிலை யாது எனத் திராயான் பேரரசனுக்கு எழுதிக் கேட்டார். அத்தகையோர் தம் உரிமையை நாட்ட முற்படின் மறுத்தலாகாது என்றும், உண்ட உணவின் விலையைக் கொடுத்து அவ்வுரிமையை மீட்க வேண்டுவதில்லை என்றும் பேரரசன் விடை எழுதினான். ஊட்டியவன் ஊட்டப்பட்டவனுக்கு உடைமையாளன் ஆகான் என்பது அத்தீர்ப்பின் கருத்து. ‘உணவின் விலை’ என்பதற்கு அவன் எழுதிய சொல்லும் அலேரெ என்னும் வினையின் வழிவந்ததே. அலும்னுஸ் என்பதற்கு உரை எழுதப் புகுவோர் அகராதியோடு இக்கடிதத்தையும் படித்தல் வேண்டும்.

இனித் தமிழ்ச் சொற்களை நோக்கலாம். ‘மாணவன்’ என்பதனை மாண் கூட்டல் அவன் எனப் பிரித்து, மாண்புடைய அவன் என்று பொருளுரைப்பது பெருவழக்கு. பிரேசில் நாட்டுக் கதை பிள்ளையைத் தாழ்த்துகிறது; இஃது உயர்த்துகிறது. உயர்த்துவது பற்றியே இதனை ஆராயாது விடுதல் நேர்மையன்று. நல்லவன் என்பதன் பெண்பால் நல்லவள்; பெரியவன் என்பதன் பெண்பால் பெரியவள். மாணவன் என்பது மாண் கூட்டல் அவனாயிற் பெண்பால் ‘மாணவள்’ என்றல்லவா வரல் வேண்டும்? வழக்கில் உள்ளதோ மாணவி. வடமொழியிலும் பாளியிலும் ‘மாணவ’ என்பது இளைஞனையும், சிறப்பாக வேதங் கற்கும் பிரமசாரியையும் குறித்து வழங்குகிறது; ‘மாணவக’ என்பது அதன் குறுமை வடிவம்; சிங்களத்திலும் அது உண்டு. மாணவன், மாணாக்கன் ஆகிய இரண்டும் அவ்வழிப்பட்டன எனக் கொள்வதே சான்றுகளோடு பொருந்துவது. மாவலியிடம் மண்ணிரந்த குறள்வடிவினனை ‘மாணி’ என்றலும் இவ்வினத்தது.

ஆயின் வடமொழி இலக்கணிகள் இச்சொல்லுக்குச் செய்ததை அறிந்தால் பிரேசில் நாட்டுக் கதை வியப்பூட்டாது. மனுவின் வழித்தோன்றல் என்னும் பொருளிற் பிறந்த சொல்லில் வருவது பல்லினால் ஒலிக்கும் னகரம். அது நாவளைந்த ணகரமாகத் திரிந்து ‘மாணவ’ என நிற்குமாயின், இழிவும் அறிவின்மையும் உடைய வழித்தோன்றலைக் குறிக்கும் எனப் பாணினீய உரைமரபு கூறுகிறது. ஓரெழுத்து வளைந்தமைக்குப் பிள்ளையின் அறிவின்மையே காரணமாம்! இருவேறு நாடுகள், இருவேறு மொழிகள், இரண்டாயிரம் ஆண்டளவான இடைவெளி. எனினும் சொல்லைப் பிரிக்குங் கை கற்பிப்பவனின் கையாதலின், பிரிவில் விழுவது கற்பவனின் குறைபாடே.

இதற்கு மறுதலையாக ஆசிரியப் பெயர்கள் பிரிக்கப்படும்போது புகழே சொரிகின்றது. இரிதல் தன்வினை, பிறர் குற்றத்தை ஓட்டுதற்கு இரித்தல் என்னும் பிறவினை வேண்டும். அவ்வாறிருக்க ‘ஆசு இரியன்’ எங்ஙனம் குற்றம் போக்குவான்? ‘ஆசாரிய’ என்பதன் திரிபே ஆசிரியன். அவ்வடசொல்லுக்கும் யாசுகர் தம் நிருத்தத்தில் ஒழுக்கத்தைக் கொள்ளச் செய்பவன், பொருள்களைத் திரட்டுபவன், அறிவைத் திரட்டுபவன் என ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களைத் தந்து, இதுவே என அறுதியிடாது விட்டார். மேடைப் பேச்சாளரினும் அவர் அடக்கமுடையவர். ‘குரு’ என்பதன் பொருள் கனமானது என்பதே. இலத்தீனில் ‘கிராவிஸ்’ என்பது அதற்கு உறவு. இருளோட்டும் பொருள் குரு கீதை முதலியவற்றிற் சமயப் பொருளாகக் கொள்ளப்பட்டது. வழிபாட்டில் அதற்குரிய இடம் உண்டு. அஃது அங்கேயே இருத்தல் நன்று.

சொற்பிரிப்பை விடுத்து, தமிழிலக்கணம் மாணாக்கனை எவ்வாறு கண்டது என நோக்கின் வேறொரு காட்சி தோன்றும். 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூவகைப்படுத்தி எண்வகை உவமை கூறுகிறது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கு. நிலமும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கர்க்கு. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு ஈழத்தில் வழிவழியாகப் பயிலப்பட்ட பகுதி இது. மனப்பாடஞ் செய்தோர் பலர். உவமைகளைச் சேர்த்து நோக்கினோர் சிலரே. எட்டனுள் நான்கு உண்ணுவனவாகவும் பருகுவனவாகவும் நிற்கின்றன. அன்னம் பாலைப் பிரித்துக் குடிக்கும். பசு புல் மிகுந்தவிடத்து வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்திருந்து அசைபோடும். ஆடு ஒரு செடியில் நில்லாது தழைதோறும் வாய்வைக்கும். எருமை நீரைக் கலக்கிக் குடிக்கும். இவ்வுவமைகளில் மாணாக்கன் ஊட்டம் கொள்பவன். உரோமர் சொல்லும் அதுவே. வேறுபாடு யாதெனின், அலும்னுஸ் என்னுஞ் சொல் ஊட்டுவார் கையை நோக்குகிறது. நன்னூல் உண்பான் வாயை நோக்குகிறது. (எருமையைக் கடையில் வைத்தமை பற்றி முல்லைத்தீவுத் தயிரின் சுவையறிந்தோர் முனிவரோடு வழக்காடக் கூடும். வன்னிக் குளங்களில் எருமை இறங்கிய துறையிலே குடம் நிறைக்கச் சென்றோர் முனிவர் பக்கமே நிற்பர்.)

ஓட்டைக்குடமும் நெய்யரியும் உண்பனவல்ல, வெறுங் கலங்கள். இரண்டும் கடைவரிசையிலேயே வைக்கப்பட்டன. ஆசிரியராகத் தகாதாரைக் கூறுமிடத்தும், இட்ட முறையின்றி உதிர்க்கும் கழற்குடத்தையும், சிறிதுசிறிதாகப் பெற்றுச் சிறிதுசிறிதாகவே தரும் பருத்திக் குண்டிகையையும் நன்னூல் உவமையாக்கியது. நல்லாசிரியருக்கு உவமையாக வந்தவை நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன. விளக்கு அவ்வரிசையில் இல்லை. மாணாக்கனை இருளாக்கி ஆசிரியனை விளக்காக்கும் பேச்சும், மாணாக்கனைக் குடமாக்கி ஆசிரியனை நீர்வார்ப்பவனாக்கும் பேச்சும் தமிழ் மரபு என்று கூறுவோர் நன்னூற் பாயிரத்தை மீண்டும் ஒருமுறை புரட்டுதல் நலம்.

உணவூட்டுதல் என்பது பண்டு வெறும் உவமையாகவும் நின்றதில்லை. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரக் கல்வெட்டு, அவ்வூர்க் கல்லூரியில் இளைய மாணவர் 270 பேரும் மூத்த மாணவர் 70 பேரும் கற்றனர் என்பதையும், அவர்களுக்கு நாள்தோறும் அளந்த நெல்லையும் கூறுகிறது. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலையில் 95 சட்டர் இருந்தனர். சட்டர் என்பது மாணாக்கரைக் குறிக்கும் ‘சாத்திர’ என்னும் வடசொல்லின் திரிபு. குடையைக் குறிக்குஞ் சொல்லிலிருந்து அது பிறந்ததெனப் பதஞ்சலி கொண்டார். குரு குடைபோல் மாணாக்கனை மறைத்துக் காப்பார். மாணாக்கனும் குடைபோற் குருவைப் பேணுவான் என்பது அவர் விளக்கம். மழை யார்மேற் பெய்கிறதோ அவருக்கு மற்றவர் குடை. இச்சட்டரோடு திண்ணைப் பள்ளியின் ‘சட்டம்பிள்ளை’யைத் தொடர்புபடுத்துவாரும் உளர், சட்டம் என்பதனோடு சேர்ப்பாரும் உளர். எவ்வாறாயினும், மாணாக்கருள் முதல்வனைச் சுட்டிய அச்சொல்லின் இனமாகிய ‘சட்டம்பியார்’ யாழ்ப்பாணத்தில் ஆசிரியருக்கே பெயராயிற்று.

இவ்விடத்து ஒரு மறுப்பை எண்ணுதல் வேண்டும். ஊட்டுதல் என்னும் உருவகமும் தீங்கற்றதன்று. ஊட்டப்படுபவன் வாளா வாய்திறந்திருப்பவனாக எண்ணப்படலாம். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிரெயர், 1970இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில், அறிவை மாணாக்கரிடத்து வங்கியிற் பணம்போல இட்டுவைக்கும் கற்பித்தலைக் கண்டித்தார். அறிவை ஊட்டும் உணவாக மட்டும் எண்ணுவதையும் அவர் ஏற்கவில்லை. கண்டனம் நியாயமானதே. ஆயினும் உண்ணுதல் செயலற்ற நிலையன்று. பசுவின் இரண்டாம் மேய்ச்சலை எவரும் அதற்காக மேய முடியாது. படித்ததை மீளமீள மென்று செரிக்கச் செய்தல் வேண்டும் என உரோமைச் சொல்லாசிரியர் குவிந்திலியனும் உணவையே எடுத்துக்காட்டினார்.

வன்னியில் இவையெல்லாம் ஏட்டுப் பொருளல்ல. பல்கலைக்கழக அனுமதிக்கெனக் கல்வியிற் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட மாவட்டங்களுள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றும் இடம்பெற்றன. அவ்வகுப்பு ஆய்வுகூடமும் ஆசிரியரும் நூலகமும் போதாமையை நோக்கியது. உரிய பயனையும் தந்தது. மாவட்டத்தைப் பற்றிய அடைமொழி பேச்சுவழக்கிற் பிள்ளையின் மேல் ஏறும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளை, பின்தங்கிய பிள்ளை ஆகிறது. பரிசளிப்பு விழாவிலே ‘இருளில் இருந்த பிள்ளைகளுக்கு ஒளி கொண்டுவந்தோம்’ என்று வெளியூர் விருந்தினர் ஒருவர் பேசுமளவிற்கு அது செல்கிறது. கூரையில்லாமை ஒன்று, ஒளியில்லாமை வேறு.

2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தபின், வன்னி மக்களுள் மிகப் பெரும்பாலோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அம்முகாம்களிலிருந்தே பிள்ளைகள் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் எழுதினர். கொப்பிகள் இடப்பெயர்வின் வழிகளிற் கிடந்தன. வகுப்பறை நிகழாத மாதங்கள் பல. முன்னர் மேய்ந்ததை வேறோரிடத்திருந்து அசைபோடும் தலைமாணாக்கர்க்கு நன்னூலார் கூறிய உவமையை இதனினும் நேராக விளக்கும் நிகழ்ச்சி காண்டலரிது. இருள் நீக்க எவரும் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்களுக்கு அன்று வேண்டியது உணவும் மேசையும் எழுதுகோலுமே. போருக்குப் பின் வடமாகாணப் பாடசாலைகளில் உலக உணவுத் திட்டத்தின் துணையோடு மதிய உணவு வழங்கப்பட்ட ஆண்டுகளில், அலும்னுஸ் என்னுஞ் சொல் தன் முதற்பொருளுக்கே மீண்டது எனலாம்.

7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த செவீல் நகரத்து ஆயர் இசிதோர், சொற்பிறப்புகளைத் தொகுத்த தம் பெருநூலில் இச்சொல்லையும் எடுத்துக்கொண்டார். பிறழ்ந்த பிறப்புரைகள் மலிந்த நூல் அது. இவ்விடத்தில் மட்டும் அவர் நெறி தவறவில்லை. ஊட்டுதல் என்னும் வினையிற் பிறந்த பெயரெனக் கூறி, ஊட்டுபவனையும் ஊட்டப்படுபவனையும் அலும்னுஸ் என்னலாம். எனினும் ஊட்டப்படுபவனைக் கூறுதலே சிறப்பு என்றார். பதஞ்சலியின் குடைபோல இதுவும் இருபாற்படுகிறது. கூரையிழந்த வன்னிப் பாடசாலைகளுக்குக் கனடாவிலும் பிரித்தானியாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்து கொப்பியும் கணினியும் கூரைத்தகடும் அனுப்பிய பழைய மாணவரை இசிதோரின் இரண்டாம் பொருளில் வைத்தல் தகும். திராயானின் கடிதப்படி அது தீர்க்கப்பட்ட கடனன்று.

‘பழைய மாணவர்’ என்னும் தொடரே அத்துணைப் பொருத்தமுடையதன்று. அலும்னுஸ் என்பதனை விடுத்து, ஆங்கிலப் பாடசாலைகளின் ‘ஓல்ட் போய்ஸ்’ என்பதனை மொழிபெயர்த்ததால் வந்தது அது. மொழிபெயர்த்தோர் ‘ஓல்ட்’ என்பதிற் பழைமையை மட்டுமே கண்டனர். அச்சொல்லும் அலேரெ என்னும் வேரோடு ஒரே குடியிற் பிறந்தது. ‘வளர்ந்த’ என்பதே அதன் முதற்பொருள்.